முடிவெடுக்கும் மூளையும் வளர்ச்சித் திட்டங்களும்

பொருளாதாரப் பாடநூல்களில் ஒரு மனிதன் வருகிறான். தன் தேவைகள் யாவை என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். சந்தையிலுள்ள பொருள்களின் விலையும் தெரியும். எதிர்காலத்தில் நிகழக்கூடியவற்றையும் அவற்றின் நிகழ்தகவையும் எடைபோட்டு, மிகுந்த பயன் தரும் வழியை அவன் ஒவ்வொரு முறையும் தவறாமல் தேர்ந்தெடுக்கிறான். அவனுக்குக் களைப்பு இல்லை, கவலை இல்லை, மறதியும் இல்லை. நுகர்வுக் கோட்பாடும் உற்பத்திக் கோட்பாடும் இம்மனிதனை அச்சாணியாகக் கொண்டே சுழல்கின்றன.

வளர்ச்சித் திட்டங்களை வகுப்போரும் பெரும்பாலும் இவனையே மனத்திற் கொண்டு திட்டமிடுகின்றனர். தடுப்பூசியை இலவசமாக அளித்தால் தாய்மார்கள் குழந்தைகளைக் கொண்டு வருவார்கள். உரத்தால் வருமானம் பெருகும் என்று வயலில் செய்து காட்டினால் உழவர்கள் உரமிடுவார்கள். காப்பீட்டுக் கட்டணத்தில் பெரும் பங்கை அரசு ஏற்றால் எல்லோரும் பயிரைக் காப்பீடு செய்வார்கள் என்பன போன்ற எதிர்பார்ப்புகள் திட்டக் குறிப்புகளில் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன. எதிர்பார்ப்பு நிறைவேறாத இடங்களில் 'மக்களின் அறியாமை', 'பழமைப் பற்று' என்று காரணம் எழுதிக் கோப்பை மூடிவிடுவது நெடுநாள் வழக்கம். மனித மூளை உண்மையில் எவ்வாறு முடிவெடுக்கிறது என்பது பற்றிக் கடந்த சில பதிற்றாண்டுகளில் கிடைத்துள்ள அறிவு, இக்காரணம் எவ்வளவு மேலோட்டமானது என்பதைக் காட்டுகிறது.

இத்துறையில் முதற்கல் நாட்டியவர் ஓர் ஆட்சித்துறை ஆய்வாளர் என்பது அலுவலர்களுக்குச் சுவையளிக்கும் செய்தி. ஹெர்பர்ட் சைமன் 1930-களில் மாணவராக இருந்தபோது, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விளையாட்டுத் திடல்களின் நிர்வாகத்தை ஆராய்ந்தார். நகரப் பொதுப்பணித் துறையும் பள்ளி வாரியமும் அவற்றைக் கூட்டாக நடத்தி வந்தன. கிடைக்கும் பணத்தில் திடல் பராமரிப்புக்கு எவ்வளவு, விளையாட்டைக் கற்பித்து நடத்துவோருக்கு எவ்வளவு என்பதே பிரச்சினை. கடைசி ரூபாயின் பயன் இரண்டு இனங்களிலும் சமமாகும்வரை பங்கிட வேண்டும் என்பது பாடநூல் விதி. ஆனால் அங்கே எவரும் அப்படிக் கணக்கிடவில்லை; கணக்கிடத் தேவையான விவரமும் எவரிடமும் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் குறிக்கோளையே பெரிதாகக் கண்டது. இதிலிருந்து கிளைத்த சிந்தனையே 1947-இல் வெளிவந்த ஆட்சித்துறை நடத்தை பற்றிய அவருடைய நூல். மனிதனின் பகுத்தறிவு எல்லைக்கு உட்பட்டது. அவன் ஆகச் சிறந்ததைத் தேடி அலைவதில்லை, போதுமான அளவு நன்றாக இருப்பதைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறான் என்பது சைமனின் கருத்து. 1978-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

மூளையின் சிக்கனம்

எல்லை ஏன் ஏற்படுகிறது? மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதிகச் செலவாகும் உறுப்பு சிக்கனமாக இயங்குவதில் வியப்பில்லை. ஒரே சமயத்தில் கவனத்தில் நிறுத்தி ஆராயக்கூடிய செய்திகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றைப் பழக்கமும் உணர்ச்சியும் கவனித்துக்கொள்கின்றன.

உணர்ச்சி என்றால் பகுத்தறிவுக்குப் பகை என்று கருதுவது வழக்கம். மருத்துவ வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறை தகர்த்துக் கொண்டிருந்த ஃபினியாஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் கன்னத்தில் புகுந்த ஓர் இரும்புக் கம்பி, மண்டையின் உச்சி வழியாக வெளியேறியது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட கம்பி அது. முன்மூளை சேதமுற்றும் அவர் உயிர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் எடுத்த தீர்மானத்தில் நிலைத்திராமல், வகுத்த திட்டத்தை உடனே கைவிடும் மனிதராக அவர் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சையளித்த டாக்டர் ஹார்லோ குறித்து வைத்தார். பின்னாளில் கேஜ் சிலி நாட்டில் பல ஆண்டுகள் கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதால், அவருடைய சீர்குலைவு சில நூல்களில் மிகைப்படுத்தப்பட்டிருப்பதாகக் கருத இடமுண்டு.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இதனை ஒழுங்காக ஆராய்ந்தனர். முன்மூளையின் அடிப்பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு அறிவுத் தேர்வுகளில் எக்குறையும் இல்லை. ஆயினும் சாதாரண முடிவுகளைக்கூட அவர்களால் எடுக்க இயலவில்லை. 1994-இல் இக்குழு ஒரு சீட்டாட்டத்தை வகுத்தது. நான்கு கட்டுகள், இரண்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் பெரிய தொகை கிடைக்கும், இடையிடையே அதனினும் பெரிய நட்டம் வரும், மற்ற இரண்டில் சிறு தொகை, சிறு நட்டம், முடிவில் ஆதாயம். இயல்பானவர்கள் சிறிது நேரத்தில் ஆபத்தான கட்டுகளை விட்டு விலகினர். காரணத்தை வாயால் சொல்லத் தெரியுமுன்னரே, அக்கட்டுகளை நோக்கிக் கை நீளும்போது அவர்கள் உள்ளங்கையில் மெல்லிய வியர்வை அரும்பியதைக் கருவிகள் பதிவு செய்தன. முன்மூளை சேதமுற்றவர்களுக்கு அந்த முன்னெச்சரிக்கை எழவில்லை. நட்டம் தரும் கட்டுகளிலேயே அவர்கள் தொடர்ந்து சீட்டெடுத்தனர். அச்சமும் ஆசையும் அற்ற மூளை பாடநூல் மனிதனைப் போல் சிறப்பாகக் கணக்கிடும் என்ற எண்ணத்துக்கு இதனால் அடி விழுந்தது.

எதிர்பார்ப்பு மூளையில் எவ்வாறு பதிகிறது என்பதற்கு வூல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் குரங்குச் சோதனைகள் விடை தருகின்றன. குரங்குக்குப் பழச்சாறு கிடைத்தபோது, நடுமூளையிலுள்ள டோபமின் நரம்பணுக்கள் கிளர்ச்சியுற்றன. சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்ற பின்னர், விளக்கைக் கண்டதும் கிளர்ச்சி எழுந்தது. சாறு வந்தபோது எழவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை எனில், அது வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் கிளர்ச்சி வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், இந்நரம்பணுக்கள் அளப்பது பரிசின் அளவையன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே. வாக்களித்த நாளில் வந்து சேராத உதவித்தொகை, தொகையே இல்லாததைவிட மோசமாக உணரப்படுவது ஏன் என்பதை இச்சோதனையின் துணைகொண்டு ஊகிக்கலாம்.

இழப்பின் எடை

டேனியல் கானமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை பொருளாதாரத்தில் பெருந்தாக்கத்தை விளைவித்தது. மனிதர்கள் தம் மொத்தச் செல்வத்தை எடைபோடுவதில்லை. தாம் நிற்கும் இடத்திலிருந்து ஏற்றமா இறக்கமா என்பதையே காண்கின்றனர். ஒரே அளவான ஆதாயத்தைவிட இழப்பு ஏறத்தாழ இருமடங்கு உறைக்கிறது என்று அவர்களுடைய ஆய்வுகளும் தொடர்ந்த ஆய்வுகளும் காட்டின. இரட்டிப்பு ஆதாயம் உறுதியாக இருந்தாலொழியப் பலர் சம வாய்ப்புள்ள பந்தயத்தில் இறங்குவதில்லை. மூளைப் படங்களும் இதனுடன் ஒத்துப்போகின்றன. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆதாயத்தின் போது எழுச்சி காட்டிய மூளைப் பகுதிகளே இழப்பின் போது அதனினும் செங்குத்தாகத் தாழ்ந்தன. அச்ச உணர்வுக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதி சிதைந்த இருவரிடம் இந்த இழப்பு வெறுப்பு காணப்படவில்லை என்று 2010-இல் தெரிவிக்கப்பட்டது.

சொல்லும் முறை முடிவை மாற்றும் என்பதற்கு இவ்விருவர் 1981-இல் வெளியிட்ட சோதனை எல்லோரும் அறிந்த ஒன்று. 600 பேரைக் கொல்லக்கூடிய நோய் வரவிருக்கிறது. முதல் திட்டத்தால் 200 பேர் காப்பாற்றப்படுவர். இரண்டாவதில் எல்லோரும் காப்பாற்றப்பட மூன்றில் ஒரு வாய்ப்பு, ஒருவரும் காப்பாற்றப்படாமற் போக மூன்றில் இரண்டு வாய்ப்பு. 72 விழுக்காட்டினர் முதல் திட்டத்தைத் தேர்ந்தனர். அதே கணக்கை, 'முதல் திட்டத்தால் 400 பேர் இறப்பர்' என்று மாற்றிக் கூறியபோது 78 விழுக்காட்டினர் இரண்டாவது திட்டத்துக்குத் தாவினர். எண்கள் மாறவில்லை, 'காப்பாற்றப்படுவர்' என்பது 'இறப்பர்' ஆயிற்று, அவ்வளவே. அமைச்சரவைக் குறிப்பு எழுதுவோர் இதனை ஒருமுறை நினைவுகூர்வது நலம்.

மானாவாரி நிலத்தில் ஒரு நாணயம்

மேற்கண்டவை பெரும்பாலும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்தவை. இந்திய உழவரைப் பற்றி இவை என்ன கூறும் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் இத்துறையின் மிகச் சிறந்த களச் சோதனைகளுள் ஒன்று இந்தியக் கிராமங்களில்தான் நடைபெற்றது.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1975 முதல் வறண்ட நிலக் கிராமங்களில் குடும்ப ஆய்வுகளை நடத்தி வந்தது. இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகரும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், அகோலா மாவட்டங்களும் இவற்றில் அடங்கும். ஏழை உழவர் புதிய விதையையும் உரத்தையும் ஏற்கத் தயங்குவது அவர்கள் இயல்பிலேயே துணிவற்றவர்கள் என்பதாலா என்பது அக்காலத்தில் சூடாக விவாதிக்கப்பட்ட வினா. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் இதனை உண்மைப் பணத்தைக் கொண்டே சோதித்தார். முடிவுகள் 1980-இல் வெளிவந்தன.

240 குடும்பங்களைச் சேர்ந்தோர் சோதனையில் கலந்துகொண்டனர். ஒவ்வொருவர் முன்னும் பல வாய்ப்புகள் வைக்கப்பட்டன. ஒன்றைத் தேர்ந்த பின் நாணயம் சுண்டப்படும். உயர்ந்த தொகையாட்டத்தில் ஒரு கோடியில் இருந்த வாய்ப்பு, பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். மறு கோடியில் இருந்தது, ஒரு பக்கம் விழுந்தால் ஒன்றுமில்லை, மறுபக்கம் விழுந்தால் 200 ரூபாய். இடையே படிப்படியான வாய்ப்புகள். உறுதித் தொகை குறையக் குறைய, சராசரி ஆதாயம் கூடிக்கொண்டே போகும். ஆட்டம் காசுக் கணக்கில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. உச்சத்தில் கிடைக்கக்கூடிய தொகை, பயிற்சியற்ற கூலித் தொழிலாளி ஒருவரின் அன்றைய மாத வருமானத்தை மிஞ்சியது. ஆகவே எவரும் இதனை விளையாட்டாகக் கருதியிருக்க முடியாது.

சிறு தொகைகளில் மக்கள் பலவிதமாகத் தேர்ந்தனர். தொகை ஏற ஏற, ஏறத்தாழ எல்லோரும் இடைப்பட்ட வாய்ப்புகளில் வந்து கூடினர். துணிவு, அச்சம் இவற்றில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. செல்வம் கூடினால் தயக்கம் சிறிது குறைவது போல் தோன்றிற்று. ஆனால் அவ்வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதி பெறவில்லை. பெருநிலக்காரரும் சிறு உழவரும் உள்ளத்தால் ஒன்றே எனில், ஒருவர் வயலில் உரம் இடப்படுவதற்கும் மற்றவர் வயலில் இடப்படாமைக்கும் காரணத்தை உள்ளத்தில் தேடிப் பயனில்லை. கடன் யாருக்கு எளிதில் கிடைக்கிறது, விதையும் உரமும் யாருக்கு உரிய காலத்தில் வந்து சேர்கின்றன என்பவற்றிலேயே அதனைத் தேட வேண்டும்.

இதே ஆய்வில் பலர் கவனியாத மற்றொரு செய்தியும் உண்டு. நாணய ஆட்டத்தோடு நேர்காணல் முறையும் கையாளப்பட்டது. 'இன்ன நிலை வந்தால் என்ன செய்வீர்கள்' என்று வாய்மொழியாகக் கேட்டுத் துணிவை அளக்க முயன்றனர். நேர்காணலில் கிடைத்த அளவுகள் உண்மைப் பணத்தில் கண்ட நடத்தையோடு சற்றும் பொருந்தவில்லை. கேள்வி கேட்பவருக்கு ஏற்ப விடையும் மாறியது. பயனாளிகளிடம் வினாப் பட்டியலை நிரப்பி வாங்கித் திட்டம் தீட்டும் துறைகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பின்னர் ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீட்டைப் பற்றி நடந்த ஆய்வுகள், 2013-இல் வெளியானவை, இதே திசையைக் காட்டின. கட்டணத்தைக் குறைத்தபோது தேவை பெருகியது உண்மையே. ஆனால் அத்தருணத்தில் கையில் காசு இருந்ததா, காப்பீட்டை எடுத்துரைத்தவர் கிராமத்தார் நம்பும் நிறுவனத்தின் சார்பில் வந்தவரா என்பனவும் முடிவைப் பெரிதும் மாற்றின. முன்பின் தெரியாதவரிடம் முன்பணம் கொடுத்து, மழை பொய்த்தால் திரும்ப வரும் என்று நம்பச் சொன்னால், தயங்குவதே அறிவுடைமை எனலாம்.

வெட்டுக்கு முன்னும் பின்னும்

ஏழ்மை இயல்பை மாற்றுவதில்லை என்பது ஒருபுறமிருக்க, அது கவனத்தைத் தின்கிறதா என்பது வேறு வினா. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் நடந்தது. 464 கரும்பு உழவர்கள் அதில் பங்கேற்றனர்.

கரும்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கரும்பு உழவருக்கு வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே மொத்தமாக வருகிறது. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குச் செல்லும், கைமாற்றுப் பெருகும். பணம் வந்ததும் நிலைமை தளரும். மேலும் வெட்டு நாளை ஆலையே முறைவைத்து ஒதுக்குவதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டு முடித்தவராகவும் அண்டை வயல்காரர் காத்திருப்பவராகவும் இருப்பர். ஆகவே பருவத்தின் விளைவையும் பணமுடையின் விளைவையும் பிரித்தறிய வாய்ப்புண்டு. ஒரே உழவரை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது, வடிவங்களைப் பொருத்தும் அறிவுத் தேர்வில் பின்னரே அவர் அதிக விடைகளைச் சரியாகச் சொன்னார். கவனத் தேர்விலும் விரைவு கூடியது, பிழை குறைந்தது. மனிதர் மாறவில்லை, கல்வி மாறவில்லை, கவலை குறைந்திருந்தது.

இம்முடிவை முற்றுப்பெற்றதாகக் கொள்ளக்கூடாது. அமெரிக்காவில் குறைந்த வருமானத்தாரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு அறிவுத்திறனில் இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தின் ஏற்ற இறக்கமும் ஓராண்டுக் காத்திருப்பும் ஒன்றல்ல என்று விடை கூறலாம். ஆயினும் விவாதம் தீரவில்லை. தீர்ந்தவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு நடைமுறைக் கருத்து இதில் அடங்கியிருக்கிறது. மனுக்களும் சான்றிதழ்களும் கோரும் நீண்ட நடைமுறையை ஓர் அலுவலகம், பணமுடை உச்சத்திலிருக்கும் மாதத்திலேயே வைத்துக்கொண்டால், அது உழவரிடம் காலத்தை மட்டும் கேட்கவில்லை. அவரிடம் அப்போது மிகக் குறைவாக உள்ள கவனத்தையும் கேட்கிறது.

ஒரு கிலோ பருப்பு

இராஜஸ்தானத்தின் உதயபூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் இணைந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்திய தடுப்பூசி ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. 134 சிற்றூர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. புதிய ஏற்பாடு எதுவும் இல்லாத ஊர்களில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுள் முழுத் தடுப்பூசி பெற்றோர் 6 விழுக்காடு. குறித்த நாளில் தவறாமல் நடக்கும் முகாம் அமைக்கப்பட்ட ஊர்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும் எல்லா ஊசிகளும் முடிந்தபின் ஒரு தட்டுத் தொகுதியும் கொடுக்கப்பட்ட ஊர்களில் 39.

ஒரு கிலோ பருப்புக்காகக் கருத்தை மாற்றிக்கொள்ளும் பெற்றோர் தடுப்பூசியைக் கொள்கையளவில் எதிர்ப்பவராக இருக்க முடியாது. அவர்கள் எதிர்க்கவில்லை, நாளை என்று தள்ளிப்போட்டனர். ஊசியின் வலியும் காய்ச்சலும் ஒரு நாள் கூலி இழப்பும் இன்று நேர்பவை. அம்மை வராமற்போவது என்றோ கிடைக்கும், கண்ணுக்குத் தெரியாத ஆதாயம். இன்றைய சிறு சுமை நாளைய பெரும் பயனை மறைப்பது எல்லா மூளைக்கும் பொது. பருப்பு அந்தத் தராசில் இன்றைய பக்கத்தில் வைக்கப்பட்ட எடைக்கல்.

இலஞ்சம் கொடுத்து ஊசி போடுவதா என்ற முணுமுணுப்புக்குச் செலவுக் கணக்கே விடையாக அமைந்தது. பருப்பு கொடுத்த ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தைக்கு ஆன செலவு சுமார் 28 டாலர். கொடுக்காத முகாம்களில் 56. நாள் முழுதும் காத்திருக்கும் செவிலியருக்குக் குழந்தைகள் அதிகம் வந்தால் தலைக்கான செலவு இறங்கும் என்பதே காரணம். எனினும் 6-இலிருந்து 18 ஆக உயர்ந்தது பருப்பால் அன்று. சொன்ன நாளில் முகாம் திறந்திருந்ததால். பருப்போடும் 61 விழுக்காட்டுக் குழந்தைகள் முழுமை பெறவில்லை என்பதையும் மறத்தலாகாது.

படிவத்தின் மௌனம்

எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு என்ன நேரும் என்பதை ஒவ்வொரு அரசுப் படிவமும் முன்னரே தீர்மானித்து வைத்திருக்கிறது. பெரும்பாலோர் அந்த நிலையிலேயே தங்கிவிடுகின்றனர் என்பது பல நாடுகளின் ஓய்வூதியத் திட்டங்களில் கண்ட உண்மை. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கடன் பெற்ற உழவர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். 2020 காரிப் பருவம் முதல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் கடன் பெற்றவர் விலக விரும்பினால், இறுதி நாளுக்கு ஏழு நாள் முன்னதாக வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் சேர்ந்தவராகக் கருதப்படுவார். கடன் பெறாதவரோ தாமே முயன்று சேர வேண்டும். கட்டணம் இருவருக்கும் ஒன்றே. காரிப் உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ரபிக்கு ஒன்றரை. சட்டப்படி இருவரும் சம உரிமை உடையவர்கள்; ஆனால் ஒருவருடைய மௌனம் 'ஆம்' என்றும் மற்றவருடைய மௌனம் 'இல்லை' என்றும் பொருள்படுகிறது. குத்தகைதாரரும் வங்கிக் கடன் கிட்டாத சிறு உழவரும் இரண்டாவது வகையில் பெருமளவில் இருப்பர் என்பதால் இவ்வேறுபாடு சிறிதன்று.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதில் அறநெறிச் சிக்கலும் உண்டு. தன் கணக்கிலிருந்து கட்டணம் பிடிக்கப்பட்டதையே அறியாத உழவருக்குக் காப்பீடு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இழப்பு நேரும்போது உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. தானாகச் சேர்க்கும் முறை நியாயமாவது, சேர்க்கப்பட்டவருக்கு அவர் மொழியில், படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாக, அச்செய்தி போய்ச் சேரும்போதுதான்.

பணம் வந்து சேரும் வேளையும் இத்தகையதே. பிரதமரின் உழவர் உதவித் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நான்கு மாதத்துக்கு ஒருமுறையாக மூன்று தவணைகளில் அளிக்கிறது. எளிய நிர்வாகத்துக்கு இது ஏற்றது. ஆனால் விதைப்பு நாள் மாவட்டந்தோறும் வேறுபடும் நாட்டில், 2,000 ரூபாய் விதைப்புக்கு முன் வருவதும் திருவிழாவுக்கு முன் வருவதும் ஒன்றாகாது. மேற்குக் கென்யாவில் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனாத்தன் ராபின்சன் ஆகியோர் செய்த ஆய்வில், அறுவடை முடிந்து கையில் பணம் உள்ளபோதே உரத்தை முன்கூட்டி வாங்கச் சிறு சலுகை அளிக்கப்பட்டது. வீட்டில் கொண்டுவந்து தருவது இலவசம், அவ்வளவே. உரப் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. மானியத்தின் அளவைப் பற்றி நடக்கும் வாதத்தில் பத்தில் ஒரு பங்கேனும் மானியத்தின் நாளைப் பற்றி நடந்தால் நன்று.

திட்டமிடுவோரின் மூளை

இதுவரை கூறியன யாவும் பயனாளியின் மூளையைப் பற்றியனவாகவே இருந்தால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகும். கோப்பில் கையெழுத்திடும் மூளையும் அதே 2 விழுக்காட்டு உறுப்புதான். தன் வேலை எத்தனை நாளில் முடியும் என்பதைக் குறைத்து மதிப்பிடும் போக்கைக் கானமனும் டிவெர்ஸ்கியும் தனியே குறிப்பிட்டனர். கானமனே இதற்கு ஆளானவர். 1970-களில் இஸ்ரேலியப் பள்ளிகளுக்கு முடிவெடுத்தல் பற்றிய பாடத்திட்டம் ஒன்றை வகுக்கும் குழுவில் அவர் இருந்தார். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுக்குள் முடியும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்தனர். இத்தகைய பிற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று குழுவிலிருந்த கல்வியியல் வல்லுநரிடம் கேட்டபோது, சுமார் 40 விழுக்காட்டுக் குழுக்கள் முடிக்கவேயில்லை, முடித்தவை ஏழு முதல் பத்தாண்டு எடுத்துக்கொண்டன என்றார். அந்த வல்லுநரும் சற்று முன்னர் இரண்டரைக்கு மிகாத எண்ணையே எழுதியிருந்தார்! குழு வேலையைத் தொடர்ந்தது. எட்டு ஆண்டுகள் ஆயின.

இந்தியப் பொதுத்துறைக் கட்டுமானங்களில் இதற்குச் சான்றுகள் தேட வேண்டியதில்லை. கல்கத்தா மெட்ரோ இரயிலுக்கு 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபரில் சுமார் 3.4 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. தம்தம் முதல் டாலிகஞ்ச் வரை முழுமை பெற்றது 1995-இல். சர்தார் சரோவர் அணைக்கு அடிக்கல் 1961-இல்; நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2017-இல். நிலமெடுப்பு, நிதிப் பற்றாக்குறை, மறுவாழ்வு, வழக்குகள், மாநிலங்களுக்கிடையிலான பிணக்கு எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் மூளையின் மேல் சுமத்துவது அறிவீனம். ஆனால் இக்காரணங்கள் ஒவ்வொரு பெரிய திட்டத்திலும் தலைகாட்டுகின்றன என்பது தெரிந்திருந்தும், அடுத்த திட்டத்தின் கால அட்டவணை இவை எதுவும் நேராது என்பது போலவே வரையப்படுகிறது. வேலை பாதி நடந்தபின், 'இவ்வளவு செலவழித்து விட்டோமே' என்ற வாதம் இழப்பு வெறுப்பின் துணையோடு எழுகிறது. செலவழிந்தது எதுவாயினும், இனிச் செய்யவேண்டிய செலவையும் இனி வரக்கூடிய பயனையும் மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது முதலாண்டு மாணவர் அறிந்த விதி.

இதற்கு மருந்தாகக் கானமன் கூறியது, உள்ளிருந்து மதிப்பிடுவதோடு நில்லாமல், அதே வகையைச் சேர்ந்த முடிந்துபோன திட்டங்களின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. பிரிட்டனின் நிதித்துறை 2003-இல் வெளியிட்ட மதிப்பீட்டு விதிகளில், நம்பிக்கை மிகுதியால் ஏற்படும் பிழைக்கு ஈடாகச் செலவு மதிப்பீட்டை உயர்த்திக் காட்டுமாறு துறைகளுக்கு அறிவுறுத்தியது. இந்தியாவிலும் இதற்கான விவரம் இல்லாமல் இல்லை. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்தியத் துறைத் திட்டங்களின் முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, குறித்த நாள், தள்ளிப்போன நாள் ஆகியவற்றைப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் தொகுத்து வெளியிட்டு வருகிறது. புதிய திட்டமொன்றின் விரிவான அறிக்கையில், அதே வகைப்பட்ட முந்தைய பத்துத் திட்டங்கள் உண்மையில் எடுத்துக்கொண்ட காலத்தையும் செலவையும் காட்டும் ஒரு பத்தியைச் சேர்க்க, இத்தொகுப்பிலிருந்து ஓர் உதவியாளர் சில நாளில் விவரம் திரட்டிவிடலாம்.